நேர்த்தியான நிரலும் சரியான விடையும்: தானியங்கி வடிவமைப்பு விதிகள் பற்றி ஒரு திறனாய்வு

இந்தத் திறனாய்வுப் பகுதியில் வழக்கமாகக் கவிதை, சிறுகதை, நாவல் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை எடுத்துக்கொண்டது கணினி நிரல். 'இது நம்ம பாடம் இல்லையே' என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். பலர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு நடைவிதி உண்டு. அந்த விதிப்படி வரிகளைத் தானாகவே ஒழுங்குபடுத்தித் தரும் கருவிகளும் உண்டு. எழுத்து, நடை, திருத்தம் ஆகிய மூன்றும் வரும் இடத்தில் தமிழாசிரியருக்கும் பேச இடமிருக்கிறது.

1. ஒரு கேள்வி, இரண்டு ஔவையார்

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் ஆசிரியர்கள் சிலரும் முன்னாள் மாணவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் புதிர்ச் செயலி எழுதினோம். இலக்கணம், இலக்கியம், பொது அறிவு எனப் பழைய வினாக்களைத் திரட்டிப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினோம். பத்துப் பேர் கைபட்டால் பத்து விதமாகத்தானே இருக்கும்? ஒருவர் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி விட்டார், இன்னொருவர் டேப் விசையைத் தட்டினார். ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போட்டார், மற்றவர் இரட்டை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் இதே பேச்சுதான். வினாக்கள் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் முன்னாள் மாணவர் ஒருவர், 'சார், சண்டை வேண்டாம், பிளாக் போட்டுடலாம்' என்றார். பிளாக் என்பது பைத்தான் நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி. போட்டோம். ஒரு நிமிடத்தில் எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. பச்சை அடையாளம் விழுந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் படிவம் 4 மாணவி ஒருவர் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். 'ஆத்திசூடியை இயற்றியவர் யார்?' என்பது கேள்வி. அவர் எழுதியிருந்த விடை 'ஔவையார்'. செயலி, தவறு என்று சொல்லி மதிப்பெண்ணைக் கழித்திருந்தது. 'சார், நான் சரியாத்தானே எழுதினேன்? ஏன் தப்புன்னு காட்டுது?' என்று கேட்டார்.

விடைக்கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் ஔவையார்தான் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. உருப்பெருக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கோப்பில் இருந்தது 'ஒளவையார்': ஒகரம் தனியாக, ளகரம் தனியாக. தட்டச்சுப் பொறிக் காலத்தில் ஒ, ள இரண்டையும் அடுத்தடுத்து அடித்து ஔ ஆக்குவது வழக்கம். அந்தப் பழக்கம் பழைய வினாத்தாள் வழியாக எங்கள் கோப்புக்குள் வந்துவிட்டது. மாணவி எழுதிய சொல்லில் 4 எழுத்து, எங்கள் விடையில் 5 எழுத்து. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

தவறு எங்களுடையது, மாணவியுடையது அல்ல. கருவியுடையதும் அல்ல. ஆனால் பச்சை அடையாளம் விழுந்ததும் 'நிரல் சரியாக இருக்கிறது' என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது.

2. வடிவமைப்பான் என்ன செய்கிறது?

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

வடிவமைப்பான்: நிரலின் தோற்றத்தை மட்டும் மாற்றும். இடைவெளி, வரி முறிப்பு, வெற்று வரி, மேற்கோள் குறி ஆகியவை இதன் வேலை. பொருளைத் தொடாது.

லின்டர்: ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும். 'இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினாய், எங்கும் பயன்படுத்தவில்லையே' என்பது போல எச்சரிக்கும்.

சோதனை: நிரலை ஓட்டிப் பார்த்து, 'இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா?' என்று கேட்கும்.

நம்முடைய திருத்தும் வேலையோடு ஒப்பிட்டால், முதலாவது கையெழுத்தும் ஓரம் விடுதலும். இரண்டாவது, சந்தேகமான இடத்தில் பென்சிலால் கோடிடுவது. மூன்றாவது, கேட்ட கேள்விக்கு விடை வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றும் வெவ்வேறு வேலை.

நடைவிதிகளில் பலரும் அறிந்தது பைத்தானின் பெப் 8. 2001-இல் எழுதப்பட்டது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அதன் ஆசிரியர்களில் ஒருவர். உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி, வரிக்கு அதிகம் போனால் 79 குறி, இயக்கப் பெயர்கள் சிறிய எழுத்தில், வகுப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. இந்த விதிகளுக்கு அடிப்படை ஒரு நல்ல கருத்து: நிரலை எழுதும் நேரத்தைவிட அதைப் படிக்கும் நேரம்தான் அதிகம். ஆகவே படிப்பவருக்காக எழுது. எந்தத் தமிழாசிரியரும் இதை ஒப்புக்கொள்வார்.

பெப் 8 ஓர் அறிவுரை நூல். படித்து, மனத்தில் வைத்து, கையால் பின்பற்ற வேண்டும். அடுத்த கட்டம் வேறு விதமாக வந்தது. கூகுளில் உருவாகி 2009-இல் வெளியான கோ மொழியோடு 'கோஃபம்ட்' என்ற கருவியும் சேர்ந்தே வந்தது. எப்படி எழுதினாலும் சரி, கருவியை ஓட்டினால் எல்லார் நிரலும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும். பைத்தானுக்கு வூகாஷ் லாங்கா உருவாக்கிய பிளாக் 2018-இல் வந்தது. அதில் வரி நீளம் 88. விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வசதிகளை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் மறுபடியும் சண்டைதானே!

3. பாராட்ட வேண்டியது

திறனாய்வு என்றால் குறை மட்டும் சொல்வதல்ல. இந்தக் கருவிகளின் பெரிய நன்மை, தோற்றத்தைப் பற்றிய வாக்குவாதத்தை அவை முடித்துவைப்பது. எங்கள் குழுவில் இரண்டு வாரம் ஓடிய பேச்சு ஒரே நாளில் நின்றது. கூட்டு வேலையில் இன்னொரு நன்மையும் உண்டு. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் வரி வரியாகப் பார்ப்பார். எல்லாரும் ஒரே வடிவில் எழுதினால் உண்மையான மாற்றம் மட்டும் கண்ணில் படும். ஆளுக்கு ஒரு வடிவம் என்றால் இடைவெளி மாற்றங்களுக்கு நடுவே பொருள் மாற்றம் ஒளிந்துகொள்ளும்.

தமிழ் எழுத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் இணை உண்டு. பழைய புத்தகங்களில் லை, ளை, னை, ணை ஆகியவற்றைத் துதிக்கை போல் வளைத்து எழுதியிருப்பார்கள். ணா, றா, னா முதலியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935 முதல் தம் இதழில் சீர்திருந்திய வடிவங்களைப் பயன்படுத்தினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஆணை வழியாக 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பின்னர் நம் நாட்டுப் பாடநூல்களும் அந்த வடிவத்துக்கு வந்தன. மாறியது தோற்றம் மட்டும். ஒரு சொல்லின் ஒலியோ பொருளோ மாறவில்லை. 'எந்த வடிவம் அழகு?' என்ற கேள்விக்கு இன்றும் ஒருமித்த விடை கிடைக்காது. தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் கடைசிவரை துதிக்கை லை-தான் எழுதினார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க ஒரே வடிவம் இருப்பது எவ்வளவு உதவி என்பது வகுப்பில் நிற்பவருக்குத் தெரியும்.

வடிவமைப்பானின் நியாயமும் இதுவே. அதன் தேர்வு எல்லாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஒரு சுவையான செய்தி: பெரியார் ஐ, ஔ இரண்டுக்கும் அய், அவ் என்று எழுதலாம் என்றார். 1978 ஆணை அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் எங்கள் செயலியில் இந்த ஔவையார் சிக்கலே வந்திருக்காது!

4. முதல் குறை: அழகைத் தரம் என்று எண்ணுவது

கருவியைவிட நம் பழக்கத்தின் மீதுதான் இந்தக் குறை. எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய மொழி அது. கட்டளைச் சொற்கள் தமிழில் இருப்பதால் நிரல் கற்காதவருக்கும் புரியும்.

முதல் மாணவர் எழுதியது:

நிரல்பாகம் சராசரி(மொத்தம்,எண்ணிக்கை)
பின்கொடு   மொத்தம்/எண்ணிக்கை
முடி

இரண்டாம் மாணவர் எழுதியது:

நிரல்பாகம் சராசரி( மொத்தம், எண்ணிக்கை )
    பின்கொடு எண்ணிக்கை / மொத்தம்
முடி

இரண்டாவது பார்க்க அழகு. இடைவெளி சரி, உள்தள்ளல் சரி. ஆனால் 4 தாளில் 240 மதிப்பெண் என்று கொடுத்தால் முதலாவது 60 என்று சரியாகச் சொல்லும். இரண்டாவது ஒன்றைவிடக் குறைந்த ஒரு பின்னத்தைச் சொல்லும். வகுத்தல் தலைகீழ். வடிவமைப்பான் முதல் மாணவரைத்தான் திருத்தும். இரண்டாமவரைப் பார்த்து, 'மாற்ற ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும். ஆசிரியரும் அவசரத்தில் அப்படியே மதிப்பெண் போட்டால் யாருக்கு அநீதி?

பேராக்கில் ரப்பரோடு வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. கோலகங்சாரில் 1877-இலேயே ரப்பர்க் கன்று நட்ட மாநிலம் இது. என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஷீட் தரம் பிரிக்கும் வேலை செய்தார். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் காய வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். குமிழி இருக்கிறதா, பூசணம் இருக்கிறதா, பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா? இருந்தால் கத்தரியால் வெட்டி எடுப்பார். ஆர்.எஸ்.எஸ். 1, 2, 3 என்று தரம் பிரிப்பது இப்படிக் கண்ணால்தான். முழுக்க முழுக்கத் தோற்றத்தை வைத்த தரவரிசை அது.

1965-இல் மலேசியாவில் வேறொரு முறை வந்தது. எஸ்.எம்.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். அதில் நிறமும் பளபளப்பும் முதன்மையல்ல. மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, சூட்டைத் தாங்குமா என்று அளப்பார்கள். எஸ்.எம்.ஆர். 10 என்றால் அழுக்கு 0.08 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எஸ்.எம்.ஆர். 20 என்றால் 0.16. டயர் செய்பவருக்கு வேண்டிய செய்தி இது. ஷீட் தரம் பிரிப்பது அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் கண்ணால் பார்ப்பது ஒன்று, உள்ளே இருப்பதை அளப்பது வேறு என்பது தெளிவாயிற்று. அம்மா எளிமையாகச் சொல்வார்: 'பார்க்க நல்லாத்தான் இருக்கும் ஐயா. இழுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.'

வடிவமைப்பான் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறது. சோதனைதான் இழுத்துப் பார்க்கிறது. எங்கள் குழுவில் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொண்டோம்.

கருவிக்கு நியாயமாகச் சொல்வதென்றால், பிளாக் இதை மறைப்பதில்லை. ஒழுங்குபடுத்தும் முன்னும் பின்னும் நிரலின் பொருள் ஒன்றாகவே இருக்கிறதா என்று அது தன்னையே சரிபார்த்துக்கொள்கிறது. பொருளைத் தொட மாட்டேன் என்பது அதன் வாக்கு. அப்படியென்றால் பொருளில் இருக்கும் பிழையையும் அது தொடாது.

5. இரண்டாம் குறை: தமிழை எண்ணாமல் எழுதிய விதிகள்

இது விதிகளின் மீதே வைக்கும் குறை.

பெப் 8 வரி நீளத்தைக் 'குறி' கணக்கில் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு குறி. தமிழில் அப்படியில்லை. 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்து என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு புள்ளிகளை அது எண்ணுகிறது. மெய்யும் உயிர்மெய்யும் நிறைந்த தமிழ் வரி, இந்தக் கணக்கில் உண்மையைவிட நீளமாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டாக முறிய நேரும். உண்மையான எழுத்துகளைப் பிரித்து எண்ணும் வசதி ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரலகத்தில் உண்டு. தமிழர்கள் தமிழுக்காக எழுதியது அது. எழுத்து எது என்று தெரிந்தவர்கள் செய்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து விதி. வகுப்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், மாறிலிகள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பெப் 8. தமிழில் ஏது பெரிய எழுத்து? பைத்தான் 3-இல் தமிழ்ச் சொல்லையே பெயராக வைக்கலாம். 2007-இல் முன்மொழியப்பட்ட பெப் 3131 அதற்கு வழி திறந்தது. 'மதிப்பெண்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் பைத்தான் ஏற்கும். ஆனால் அது வகுப்பா, மாறியா, மாறிலியா என்று தோற்றத்தால் காட்ட பெப் 8 நமக்கு வழி சொல்லவில்லை. நாமே ஒரு வழக்கத்தை உருவாக்க வேண்டும்.

கோ மொழியில் நிலைமை இன்னும் கடினம். அங்கே பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே 'மரம்' என்ற சாதாரணச் சொல்லைக்கூடப் பெயராக வைக்க முடியாது, கடைசியில் புள்ளி இருக்கிறதே! தவிர, ஒரு பெயர் மற்றக் கோப்புத் தொகுதிகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே இலக்கணமே ஆகிவிட்டது. ஒரு மொழியின் எழுத்துப் பழக்கம் எல்லா மொழிக்கும் விதியானால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. யாரும் தமிழுக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. விதி எழுதும்போது அந்த மேசையில் தமிழ் இல்லை. அவ்வளவுதான்.

குறிப்புரை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் அல்லாத நாட்டவரும் குறிப்புரைகளை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்று பெப் 8 கேட்டுக்கொள்கிறது. உங்கள் மொழி தெரியாதவர் அந்த நிரலைப் படிக்கவே மாட்டார் என்று நூற்றுக்கு நூற்றிருபது உறுதி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. உலகம் முழுக்கப் பகிரும் நிரலுக்கு இது நியாயமே. ஆனால் தமிழ் வினாக்களைத் தமிழ் மாணவருக்குக் கொடுக்க, தமிழாசிரியர் பராமரிக்கும் நிரலுக்கு வாசகர் யார்? படிப்பவருக்காக எழுது என்ற அதே அடிப்படையை வைத்துப் பார்த்தால், நமக்குத் தமிழ்க் குறிப்புரைதான் சரி. விதியின் சொல்லைவிட விதியின் காரணம் பெரிது. பெப் 8-உம் கண்மூடித்தனமான ஒருமைப்பாடு வேண்டாம், எப்போது விதியை விட வேண்டும் என்று தெரிந்துகொள் என்று தன் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. பலர் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

6. மூன்றாம் குறை: கையால் செய்த ஒழுங்கு கலைவது

வேற்றுமை உருபுகளை அட்டவணைபோல நேர்நேராக அடுக்கி ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். வேற்றுமையின் எண் ஒரு நிரையில், உருபு ஒரு நிரையில், எடுத்துக்காட்டு ஒரு நிரையில். பிழை இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். பிளாக் ஓட்டியதும் அந்த இடைவெளிகள் எல்லாம் ஒடுங்கிப்போயின. 'என் வேலையெல்லாம் போச்சே, டீச்சர்!' என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானது. அந்த இடைவெளி அலங்காரமல்ல, படிப்பவருக்கு உதவி. கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு வழி உண்டு. குறிப்பிட்ட பகுதியைத் தொடாதே என்று பிளாக்குக்குச் சொல்லும் குறிப்பு வரியை அட்டவணைக்கு மேலும் கீழும் இடலாம். அதை எங்கே இடுவது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு.

7. என் தீர்ப்பு

தானியங்கி வடிவமைப்பை ஏற்றுக்கொள்வோம். தோற்றத்தைப் பற்றி ஆசிரியர்கள் வாதாடும் நேரம் வீண். ஆனால் அந்தக் கருவி மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தைப் பொருளைப் பார்ப்பதற்குச் செலவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், ஒழுங்காகத் தோன்றும் பிழைகளைத்தான் உற்பத்தி செய்வோம். கலைந்து கிடக்கும் பிழை கண்ணில் படும். அழகாக அடுக்கிய பிழை கண்ணில் படாது. அதுதான் ஆபத்து.

ஔவையார் நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் குழு செய்துகொண்ட உடன்பாடு இது. உங்கள் பள்ளிக் கணினிக் கழகத்துக்கும் பயன்படலாம்.

ஒன்று, தோற்றத்தைக் கருவியிடம் விட்டுவிடுவோம். அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேச்சு இல்லை.

இரண்டு, பழைய நிரலை முதன்முறை ஒழுங்குபடுத்தும்போது அதைத் தனி மாற்றமாகப் பதிவு செய்வோம். பொருள் மாற்றத்தோடு கலக்க மாட்டோம். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், ஒரு வரியை யார் எழுதினார் என்று பார்க்கும்போது இப்படிப்பட்ட தனிப் பதிவைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிடும் வசதி உண்டு. உண்மையில் எழுதியவர் பெயர் காப்பாற்றப்படும்.

மூன்று, தமிழ் எழுத்துக்கு நாமே ஒரு சின்ன லின்டர் எழுதிக்கொள்வோம். ஒகரத்தை அடுத்துக் குறியில்லாத ளகரம் வந்தால் எச்சரிக்கை. 'கெளரவம்', 'வெளவால்', 'மெளனம்' போல எகரக் குறியை அடுத்துக் குறியில்லாத ளகரம் வந்தாலும் எச்சரிக்கை. அவை கௌரவம், வௌவால், மௌனம் என்று இருக்க வேண்டும். 'ஒளி', 'தெளிவு' போன்ற நல்ல சொற்களில் ளகரத்துக்குப் பின் குறி இருப்பதால் அவை இதில் சிக்கா. ஆனாலும் கருவி தானாக மாற்றக்கூடாது, பட்டியல் தரட்டும். முடிவு ஆசிரியருடையது.

நான்கு, 'கொ' போன்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாகவும் பதிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் பதிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. விடைகளை ஒப்பிடும் முன் யூனிகோடின் என்.எஃப்.சி. முறையில் இரண்டையும் ஒரே வடிவாக்க வேண்டும். பெயர்களுக்குப் பைத்தான் இதுபோன்ற வேலையைத் தானே செய்துகொள்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் விடைகளுக்குச் செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும். ஒ, ள இணையை இந்த முறையும் ஔ ஆக்காது. அதனால்தான் மூன்றாம் விதி தனியாகத் தேவை.

ஐந்து, ஒவ்வொரு வினாவையும் எழுதாத இன்னோர் ஆசிரியர் கைத்தொலைபேசியில் மாணவரைப்போல் விடை தட்டிப் பார்ப்பார். அதன் பிறகுதான் வெளியிடுவோம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது. அதிகப் பிழைகளைப் பிடித்ததும் அதுதான்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தோம். அதே வினாவுக்குச் சரியாக எழுதி மதிப்பெண் இழந்த மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர் வந்து கேட்டிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. 'கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று பல பிள்ளைகள் பேசாமல் போய்விட்டார்கள். கேட்டவர் ஒருவர்தான். கேட்கும் பிள்ளையை வளர்ப்பது நம் வேலை. அதற்கு எந்த நடைவிதியும் இல்லை.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. 'தோற்ற ஒழுங்கும் பொருள் ஒழுங்கும்' என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக. உங்கள் அன்றாட வாழ்விலிருந்து இரண்டு சான்றுகள் தருக. (இக்கட்டுரையின் சான்றுகளைத் தவிர்க்கவும்.)

2. கீழ்க்காணும் சொற்களில் எவை பிழையானவை என்று கண்டு திருத்துக: ஒளடதம், ஒளிர்தல், கெளதமர், தெளித்தல், சௌகரியம், பெளர்ணமி.

3. 'ஒரே விதி எல்லா மொழிக்கும் பொருந்தும்' என்ற கூற்றை ஏற்றோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக. உயிர்மெய், மெய் எழுத்துகளை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துக.

4. கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள்: பகுதி 4-இல் உள்ள இரண்டு நிரல்பாகங்களுக்கும் தலா மூன்று சோதனை உள்ளீடுகள் எழுதுக. அவற்றில் ஒன்றில் எண்ணிக்கை சுழியமாக இருக்கட்டும். அழகான நிரலும் அழகில்லாத நிரலும் என்ன செய்கின்றன என்று வகுப்பில் பேசுங்கள்.